தெஹிவளை வண்டியில் மூடிய துரும்பு

தெஹிவளை என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது 1936இல் அரசாங்கம் பொறுப்பேற்ற மிருகக்காட்சிசாலையே. சுற்றுலா வரும் பாடசாலைப் பிள்ளைகள் வேறெதனையும் காணாமலே திரும்பிவிடுவர். கோட்டையிலிருந்து மாலைப் புகையிரதத்தில் வருபவனுக்கோ ஊரின் முகம் வேறு. கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என நிலையங்கள் கழியும். வலப்புறத்தில் கடல் கூடவே வரும். இச்சிறு பயணத்துக்குள் ஒரு யுத்தமே நடந்து முடிவதுண்டு. எதிரெதிராக நால்வர், முழங்கால்களின் மேல் ஒரு கைப்பெட்டி, அதன்மேல் கடதாசிக் கட்டு. ஆட்டம் முந்நூற்றிநாலு. பணம் வைப்பதில்லை, வைத்தால் 1889ஆம் ஆண்டுச் சூதாட்டக் கட்டளைச் சட்டம் குறுக்கே வரும்!

அறியாத மாணவர்க்காகச் சில சொற்கள். சீட்டுகள் 32. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்தில் 76, நான்கினத்திலும் 304. இஸ்கோப்பன், கலாவரை என்று நாம் வழங்கும் பெயர்கள் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் விட்டுச்சென்றவை. அவர்களுடைய கோட்டைகளைவிட இச்சொற்கள் பழுதின்றி இருக்கின்றன.

முதலில் ஆளுக்கு நான்கு சீட்டுகளே கிடைக்கும். அவற்றைக் கொண்டே 160க்குக் குறையாமல் கேட்க வேண்டும். அதிகம் கேட்டவன் துரும்பை மூடிவைக்க, மிகுதி நான்கு சீட்டுகள் வரும். பாதிக் கையை மட்டும் கண்டு பேசுவதால் வெருட்டுக்கு இங்கே நிறைய இடமுண்டு. துரும்பு எதுவெனத் தெரியாதவரை எதிராளி தன் பெரிய சீட்டை இறக்கத் தயங்குவான். அந்தத் தயக்கமே வெருட்டியவனின் மூலதனம். எட்டும் கைக்கு வந்தபின் 250க்கு மேல் கேட்கவும் வழியுண்டு. வினா அங்கேதான் எழுகிறது: முதல் வெருட்டைத் தொடர்வதா, அடங்குவதா?

மேலைநாட்டுப் போக்கர் ஆட்டத்தில் இதே வினாவைக் கணக்குப் போட்டே பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுகள் மறைவாக இருக்க, மூன்று சீட்டுகள் நடுவே திறக்கப்படும். முன்னரே பந்தயத்தை உயர்த்தியவன் கையில் ஒன்றுமில்லாவிடினும் மறுபடி பந்தயம் வைக்கலாம். நடுவில் 100 ரூபா இருக்க அவன் 50 வைத்தால், மூன்றில் ஒரு தடவை எதிராளி விலகினாலே நட்டமில்லை. ஆயினும் எதிராளி ஒருவனாயிருக்க வேண்டும். மூவரும் ஒருங்கே விலகுவது அரிது. திறந்த சீட்டுகளும் அவன் முன்பு சொன்ன கதைக்குப் பொருந்த வேண்டும். ராஜா, ஏழு, இரண்டு என இனம் வேறுபட்டுக் கிடந்தால் உயர்த்தியவனிடம் ராஜா இருக்குமென்று அஞ்சுவர். ஏழு, எட்டு, ஒன்பது என ஒரே இனத்தில் அடுக்காகக் கிடந்தால் எவரும் அஞ்சார். நான்காம் சீட்டு திறந்தபின் மீண்டும் வெருட்ட நினைப்பவன், அது தன் கதையை வலுப்படுத்துகிறதா, அல்லது தன் கையேனும் தேற வழியுண்டா என்று பார்த்தே துணிய வேண்டும். முதல் பந்தயம் போயிற்றே என்ற ஆற்றாமையால் வைக்கும் இரண்டாவது பந்தயம் வெருட்டன்று. தருமர் ஆடிய ஆட்டம் அது.

கணித மேதை வான் நியூமன், மோர்கென்ஸ்டேர்னுடன் 1944இல் வெளியிட்ட நூலில், வெருட்டுப் பிடிபடுவதிலும் ஒரு பயனுண்டு என்று காட்டினார்: பின்னர் உண்மையாகவே நல்ல கை வரும்போது எதிராளி நம்பாமல் பணத்தைப் போடுவான்.

முந்நூற்றிநாலில் இந்தக் கணக்குச் செல்லாது. போக்கரில் ஆடுபவன் தனியன். இங்கே எதிர்வாங்கில் கூட்டாளி இருக்கிறான். நாம் 200 கேட்டால் அதை முதலில் நம்புபவன் அவனே. நம் கை பெரிதென்றெண்ணித் தன் ஆசையும் பத்தையும் அவன் இறக்க, அவை எதிரிகளின் குவியலுக்குப் போகும். “அண்ணை, நீங்கள் கேட்டதை நம்பித்தானே போட்டனான்!” என்ற குரலை அவ்வண்டியில் பலமுறை கேட்டிருக்கிறேன். அதற்குப் பதில் சொல்பவரை இன்னும் கண்டிலேன். அடுத்த நாளும் அதே பெட்டியில், அதே வாங்கில், அவர்கள் எதிரெதிரே அமர்ந்தாக வேண்டும். அன்றைக்கு அந்த அண்ணை நல்ல கையோடு 200 கேட்டாலும், தம்பி தன் ஆசைப் பிடித்துவைத்துக்கொண்டு ஏழையே இறக்குவான்.