இறக்கை என்னும் ஒரே சொல்

லோஹேகாவின் பெயரைப் புணே நகரத்தார் விமானத்தோடு சேர்த்தே சொல்வர். வான்படைத் தளமும் பயணியர் விமான நிலையமும் அங்கே ஒரே ஓடுதளத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த வானத்தின் மூன்றாவது பங்காளி கரும்பருந்து. மராத்தியில் அதன் பெயர் 'கார்' (தமிழ் எழுத்தில் அது மழைக்காலமாகிவிடுகிறது). இறைச்சிக் கழிவு கிடக்கும் இடமெல்லாம் அது வட்டமிடும். விமானத்தின் எந்திரத்துள் புகுந்தால் பேரிழப்பு. ஆகவே 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளுள் 91ஆம் விதி, விமான நிலையத்திலிருந்து 10 கிலோமீட்டருக்குள் விலங்குகளை அறுப்பதையும் கழிவு கொட்டுவதையும் தடைசெய்தது. விதி எவ்வளவு பேணப்பட்டது என்பது வேறு கதை. பறவையும் எந்திரமும் மோதக்கூடும் என்பதைச் சட்டம் முன்கூட்டியே எண்ணிப் பார்த்தது. எந்திரத்தின் பொருட்டு எண்ணிப் பார்த்தது.

பறவையின் பொருட்டு எண்ணவேண்டிய இடம் தெற்கே, சாத்தாரா மாவட்டத்தில் இருக்கிறது. சாள்கேவாடி மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சியில் விரிந்த செம்புறாங்கல் பீடபூமி. அங்குள்ள காற்றாலைகள் இரு பதிற்றாண்டு அளவிலான பழைமை கொண்டவை. பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தின் மரியா தாக்கரும் அவருடைய குழுவினரும் அங்கே ஆய்ந்து 2018இல் வெளியிட்ட முடிவு உலகின் கவனத்தைப் பெற்றது. காற்றாலை இல்லாத பகுதியோடு ஒப்பிட, காற்றாலைப் பகுதியில் வைரி, கழுகு, பருந்து முதலிய கொன்றுண்ணிப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே இருந்தன. அவை குறைந்த இடத்தில் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகியிருந்தன. எண்ணிக்கை மட்டும் மாறவில்லை. ஓணான்களின் குருதியில் அழுத்தச் சுரப்பு குறைவு. மனிதர் அருகே வரும்வரை அவை ஓடவில்லை. ஒரே இரைக்குப் பலர் போட்டியிட்டதால் உடல் மெலிந்திருந்தது. ஆண்களின் தொண்டை விசிறியில் நிறம் மங்கியிருந்தது. மேலே சுழலும் இறக்கை கீழே ஓர் ஓணானின் அச்சத்தையே மாற்றிவிட்டது. காற்றாலைக்கு எதிரான வாதங்கள் பெரும்பாலும் செத்த பறவைகளை எண்ணுவதோடு நின்றுவிடுகின்றன. இவ்வாய்வு வராமற்போன பறவைகளை எண்ணியது.

அந்த ஓணானின் பேரினம் 2016இல் 'சரடா' எனப் பெயரிடப்பட்டது. ஓணானைக் குறிக்கும் மராத்திச் சொல்லே அது. வட்டாரச் சொல்லொன்று அறிவியற்பெயராக உயர்ந்தது மகிழ்ச்சிக்குரியது. அதன் வாழிடத்துக்கு அத்தகைய உயர்வு வாய்க்கவில்லை.

கூர்ந்த கண் படைத்த பறவை ஏன் மோதுகிறது என்ற வினா இயல்பானது. பிணந்தின்னிக் கழுகுகளின் பார்வைப் புலத்தை அளந்த 2012ஆம் ஆண்டின் ஆய்வு விடையொன்றைத் தந்தது. இரைதேடித் தலையைத் தாழ்த்திப் பறக்கும்போது, நேர் எதிரேயுள்ள வெளி அதன் குருட்டுப் பகுதிக்குள் விழுகிறது. முன்னே ஒன்றும் நில்லாத வானத்துக்காக அமைந்த கண் அது. போதாக்குறைக்கு, மலைச்சரிவில் மேலெழும் காற்றையே கழுகும் நாடுகிறது, பொறியாளரும் நாடுகிறார்.

நார்வேயின் ஸ்மோலா தீவில் நான்கு காற்றாலைகளில் ஓர் இறக்கைக்கு மட்டும் கறுப்பு வண்ணம் பூசினர். பறவைச் சாவு 70 விழுக்காட்டுக்கும் மேல் குறைந்ததாக 2020இல் அறிவித்தனர். நான்கு காற்றாலைகள் சிறிய மாதிரிதான். எனினும் வண்ணத்தின் செலவோ பெரிதன்று. தமிழ் காற்றாலையின் தகட்டையும் பறவையின் சிறகையும் 'இறக்கை' என்னும் ஒரே சொல்லால் சுட்டுகிறது. இரண்டையும் வேறுபடுத்திக் காட்டக் கறுப்பு வண்ணம் தேவைப்பட்டது.

இந்தியாவில் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை காற்றாலைத் திட்டங்களை உள்ளடக்கவில்லை. வனநிலமாயின் தனி அனுமதி வேண்டும். இல்லையேல் கட்டுமுன் பறவைகளை எண்ண வேண்டும் என்ற பொதுக் கட்டாயம் அவ்வறிவிக்கையில் இல்லை. தூய ஆற்றல் என்ற பெயர் இங்கே ஒரு விலக்குச் சீட்டாகிவிட்டது. பழைய சிறு காற்றாலைகளை அகற்றிப் பெரியவற்றை நிறுவும் கொள்கை 2016இல் வந்தது, 2023இல் திருத்தப்பட்டது. சாள்கேவாடி போன்ற பழைய தளங்களுக்கு அது இரண்டாம் வாய்ப்பு. எந்தக் கம்பத்தை மீண்டும் நடுவது, எந்தச் சரிவைக் கழுகுக்கு விடுவது என்பதைக் கேட்க வேண்டிய நேரம், பழைய கம்பம் சாய்ந்து புதியதற்கு அடித்தளம் தோண்டுவதற்கு முந்தைய அந்தச் சில மாதங்களே.