பயணப் பையில் ஒரு நாவல்

எழுபது வயதில் நாவல் எழுதத் தொடங்கியிருக்கிறேன் என்றால் சிலர் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் அவசரம் எனக்கு.

1925-லிருந்து 1934 வரை மேட்டூர் அணையைக் கட்டினார்கள். அப்போது காவிரிக் கரையில் மூழ்கிய ஊர்களில் ஒன்று என் அம்மா பிறந்த ஊர். நீர்மட்டம் வெகுவாக இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் பழைய தேவாலயக் கோபுரமும் தலைகாட்டும். மற்றபடி மிஞ்சியிருப்பவை அம்மா சொன்ன கதைகள்தாம். அம்மா இப்போது இல்லை. அந்தக் கதைகளை முழுதாக ஞாபகம் வைத்திருப்பவர் 84 வயதாகும் என் அக்கா ஒருவர்தான். அவருக்குக் கண் பார்வையும் மங்கிவிட்டது. எழுதியதை தினமும் இரவு எட்டு மணிக்குப் போனில் வாசித்துக் காட்டுகிறேன். "இன்னைக்கு எத்தனை பக்கம்டா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் சௌக்கியமே விசாரிப்பார்.

இந்த நேரத்தில் ஒன்றரை மாதம் டெல்லியில் மகள் வீட்டில் இருக்க வேண்டி வந்தது. நாவல் என்னாவது?

தபால் துறையில் வேலை பார்த்தவன் என்பதால் அந்தோணி டிரோலப் எனக்குப் பிடித்த ஆள். அவரும் தபால் இலாகாக்காரர்தான். 1834-லிருந்து 1867 வரை அங்கே வேலை பார்த்தார். ஊர் ஊராக ரயிலில் ஆய்வுக்குப் போகும்போது மடியில் ஒரு சிறு பலகையை வைத்துக்கொண்டு பென்சிலால் நாவல் எழுதினார். பிறகு மனைவி அதைப் பிரதி எடுத்துக் கொடுப்பார். 1871-ல் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலில் போனபோது, இறங்குவதற்குள் ஒரு முழு நாவலையே எழுதி முடித்துவிட்டார்!

அவரை நம்பி நானும் ஒரு பரீட்சை அட்டையை எடுத்துக்கொண்டு தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் ஏறினேன். வண்டி ஓடும்போது என் எழுத்து எனக்கே புரியவில்லை. வண்டி நிற்கும்போது மட்டும் எழுதினேன். வாரங்கல்லில் ஆறு வரி, பல்லார்ஷாவில் எட்டு வரி, நாக்பூரில் முக்கால் பக்கம். எதிர் சீட்டுக்காரர் நான் ஏதோ வரவு செலவுக் கணக்கு எழுதுகிறேன் என்றே நினைத்துவிட்டார்.

டெல்லியில் பேரனைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு வந்தால் பத்து மணி வரை நேரம் கிடைக்கும். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் ஊரே கண்முன் வரவில்லை. நேரம் போனால் மறுநாள் பிடித்துவிடலாம். பாத்திரங்கள் பேசுவதை நிறுத்திவிட்டால் என்ன செய்வது? ஊரை விட்டுக் கிளம்பும் அத்தியாயத்தில் பத்து நாள் அப்படியே நின்றேன். அக்காவுக்குப் பழைய பக்கங்களையே மறுபடி வாசித்தேன். "இது போன வாரம் கேட்டதாச்சே" என்றார்.

பிறகு குடும்பத்தோடு ரிஷிகேஷ் போனோம். அங்கிருந்து ஒரு நாள் டெஹ்ரி ஏரிக்கு. நம் நாட்டிலேயே உயரமான அணை அது. 2005-ல் தேங்கத் தொடங்கிய நீரில் பழைய டெஹ்ரி நகரம் மூழ்கிப்போனது. எங்கள் கார் ஓட்டுநர் அந்த ஊர்க்காரர். "கிளம்பும்போது என்ன எடுத்துப் போனீர்கள்?" என்று மகளை விட்டு இந்தியில் கேட்கச் சொன்னேன். கதவு, ஜன்னல்களைக் கழற்றிக்கொண்டு போனோம் என்றார்.

அன்று இரவு அக்காவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"நம்ம தாத்தாவும் வண்டியில மொதல்ல ஏத்துனது வாசல் நிலையத்தான்டா. அம்மா அது மேல உக்காந்துதான் வந்துச்சாம்."

"இத்தனை வருஷமா சொல்லவே இல்லையே அக்கா?"

"இத்தனை வருஷமா யாரு கேட்டா?"

அறையில் எல்லோரும் தூங்கிய பிறகு, குளியலறை விளக்கைப் போட்டுக் கதவை லேசாகத் திறந்துவைத்து, அந்த வெளிச்சத்தில் நான்கு பக்கம் எழுதினேன். பத்து நாளாக நகராத மாட்டு வண்டி அன்றைக்கு நகர்ந்தது.

பயணத்தில் எழுத நினைக்கும் என் வயதுக்காரர்களுக்கு ஒன்று சொல்வேன். தினம் இத்தனை பக்கம் என்று கணக்கு வைக்காதீர்கள். யாராவது ஒருவரிடம் தினமும் அந்தக் கதையைப் பேசிவிடுங்கள். கதை உயிரோடு இருக்கும். எழுதாத நாளிலும் அது உங்களோடு பயணம் செய்யும்.

இப்போது 118-ஆம் பக்கத்தில் இருக்கிறேன். அடுத்த மாதம் பெங்களூரில் மகன் வீடு. நோட்டும் பரீட்சை அட்டையும் பையில் ஏறிவிட்டன. "நான் இருக்கறப்பவே முடிச்சிரு" என்கிறார் அக்கா. முடித்துவிட வேண்டும்.