கை வைத்தால் சுடுகிற நெல்



போன ஐப்பசியில் ராத்திரி பத்து மணிக்குத் தம்பி போன் செய்தான். "அண்ணே, நெல்லுக்குள்ள கைய விட்டா சுடுதுண்ணே." கொள்முதல் நிலைய வாசலில் அம்பாரம் கொட்டி ஒன்பது நாள். மேலே படுதா, விடாத மழை. காலையில் போய் நானும் கையை விட்டுப் பார்த்தேன். வெந்நீர்ப் பானைதான். ஈர நெல்லுக்கு உயிர் உண்டு, மூச்சு விடும். அந்தச் சூடு வெளியேற வழியில்லாவிட்டால் அரிசி பழுத்துவிடும். ஓரத்தில் வெள்ளை முளையே எட்டிப் பார்த்தது.

ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள். மழை மிஞ்சினால் மத்திய அரசு தளர்த்துவதும் உண்டு. 2022 அக்டோபரில் 19, 2023 பிப்ரவரியில் 20. ஆனால் குழு வந்து, மாதிரி எடுத்து, உத்தரவு வரும்வரை நெல் காத்திருக்குமா?

அப்பா காலத்தில் கையால் அறுத்து, அரி போட்டு வெயில் காட்டி, கட்டுக் கட்டி, களத்தில் அடித்துத் தூற்றிப் பத்தாயத்தில் கொட்டுவதற்குள் நெல் பாதி காய்ந்திருக்கும். இப்போது மெஷின் ஒரு மணி நேரத்தில் ஏக்கரை முடித்துவிடுகிறது. ஊரே ஒரே வாரத்தில் அறுக்கிறது. மெஷினைக் குறை சொல்லவில்லை, ஆள் எங்கே இருக்கிறது? அறுப்பு மாறியது, காயவைப்பது மாறவில்லை. அதே வெயில், அதே களம். களம் போதாவிட்டால் தார்ச்சாலை.

இது புதுத் தொல்லையும் அல்ல. 1960களில் ஆடுதுறை 27 வந்து, குறுவை மழையில் அறுபட்டபோதும் இதே பாடுதான். அந்தக் காலத்தில் திருவாரூரில் சிறிதாகத் தொடங்கிய நெல் பதன ஆய்வுக்கூடம்தான் இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்று வளர்ந்து நிற்கிறது. உலர்த்தும் எந்திரங்களைப் பெரிய ஆலைகளில் பார்த்திருக்கிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் நெல் குவிகிற இடத்தில் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

தீபாவளி விடுமுறையாக இருந்தது பிழைத்தது. கேட்டதும் பள்ளிச் சாவியைக் கொடுத்தார்கள். நீங்கள் மதியச் சாப்பாட்டுக்கு வரிசையாக உட்கார்ந்த அதே வராண்டாவிலும் இரண்டு வகுப்பறைகளிலும் நெல்லைப் பரப்பி, மின்விசிறியை ஓடவிட்டு, தம்பியும் நானும் மாறி மாறிக் காலால் கிளறினோம். முழங்கால் இன்னும் அதை மறக்கவில்லை. 140 சிப்பத்தில் 110 தேறியது. முளைத்ததை மாட்டுக்குப் போட்டோம்.

இந்த வருஷம் தீபாவளி தள்ளி வருகிறது, பள்ளி கிடைக்காது. உங்களில் யாருக்காவது ஊரில் கொட்டகையோ, கல்யாண மண்டபமோ பூட்டிக் கிடந்தால் புரட்டாசிக்குள் எனக்கு ஒரு போன் போடுங்கள். கூட்டிப் பெருக்கித் திருப்பித் தருவது என் பொறுப்பு.