அப்பாவின் பென்ஃபிக்கா

2013 மே 16, விடியற்காலை. எங்கள் தாமானில் அந்த நேரத்தில் விளக்கு எரிந்தது மாமாக் கடையில் மட்டும்தான். செல்சி சட்டை போட்ட பையன்கள் திரையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, எழுபது வயது அப்பா ஒருவர்தான் அங்கே பென்ஃபிக்கா பக்கம். ஆம்ஸ்டர்டாமில் யூரோப்பா லீக் இறுதியாட்டம். 1-1. எப்படியும் கூடுதல் நேரம் போகும் என்று இரண்டாவது தே தாரேக் சொன்னேன். 93ஆவது நிமிடத்தில் ஒரு கார்னர். இவானோவிச் தலையால் முட்டிவிட்டார். கடையே எழுந்து கத்தி அடங்கிய பிறகுதான் தே தாரேக் வந்தது.

"நாலு நாளைக்கு முன்னாடியும் இதே கததானே தம்பி" என்றார் அப்பா. உண்மைதான். போர்த்தோவிடம் 92ஆவது நிமிடத்தில் கோல் வாங்கி, லீக் பட்டத்தை ஏறக்குறைய அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். அந்த மாதம் முடிவதற்குள் போர்த்துகல் கிண்ண இறுதியிலும் தோற்றார்கள்.

போர்த்துகலில் 38 முறை லீக் பட்டம் வென்ற குழு அது. வேறு எந்தக் குழுவும் அந்த எண்ணிக்கையைத் தொடவில்லை. 1904 பிப்ரவரி 28ஆம் தேதி லிஸ்பனின் பெலெம் பகுதியில், ஒரு மருந்துக் கடையில் கூடிய இளைஞர்கள் தொடங்கியது. இதெல்லாம் நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அப்பாவுக்குத் தெரிந்த பென்ஃபிக்கா ஒரே ஒரு ஆள்தான். பழைய மைலோ டின்னில், பிறப்புப் பத்திரங்களோடு மடித்து வைத்திருந்த பத்திரிகைத் துண்டில் இருந்த யூசெபியோ.

1966இல் அப்பாவுக்கு வயது 23. காலையில் பால்மரம் வெட்டு, மாலையில் தோட்டத்துக் குழுவில் வெறுங்காலோடு பந்து. உலகக் கிண்ணத்தில் வடகொரியாவிடம் 0-3 எனப் பின்தங்கிய போர்த்துகல் 5-3 என்று வென்றதையும், அதில் யூசெபியோ ஒருவரே நான்கு கோல் போட்டதையும் ஒட்டுக்கடைக்காரர் வாசிக்கக் கேட்டிருக்கிறார். பிறகு படத்தைப் பார்த்திருக்கிறார். "நம்ம நெறம்டா. அதான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்பார்.

யூசெபியோ மொசாம்பிக்கில், அன்றைய லோரன்சோ மார்க்கெஸ் நகரில் பிறந்தவர். அப்பாவை விட ஒரு வயது மூத்தவர். 1960 டிசம்பரில் லிஸ்பனுக்கு வந்தபோது ஸ்போர்ட்டிங் குழுவும் அவரைக் கேட்டு நின்றதால், 'ரூத்' என்ற பெண் பெயரில் பென்ஃபிக்கா அவரை ஒளித்து வைத்ததாம். 1961இல் பார்சலோனாவை 3-2 என வென்று ஐரோப்பியக் கிண்ணத்தைத் தூக்கியபோது அவர் ஆடவில்லை. மறு ஆண்டு ரியல் மாட்ரிட்டை 5-3 என வென்றபோது கடைசி இரண்டு கோல்களும் அவருடையவை. அந்தக் குழுவின் கோல் காவலர் கோஸ்தா பெரேராவும் கொலுனாவும் மொசாம்பிக்கில் பிறந்தவர்கள். தலைவர் அகுவாஸ் அங்கோலாவில் பிறந்தவர். போர்த்துகீசியர் மட்டுமே ஆடலாம் என்பது 1970களின் இறுதிவரை அந்தக் குழுவின் கொள்கை. காலனி மக்களும் அந்தக் கணக்கில் சேர்த்தி. அவர்களுக்கு வேண்டிய இடத்தில் மட்டும் சேர்த்தி என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. யூசெபியோவை இத்தாலியக் குழுக்கள் கேட்டபோது, அவர் நாட்டின் சொத்து என்று சொல்லி சலசார் அனுப்ப மறுத்ததாகச் சொல்வார்கள்.

இதை நான் படித்துக் காட்டிய அன்றுதான் அப்பா தன் கதையைச் சொன்னார். மாவட்டக் குழுத் தேர்வுக்கு ஒருமுறை அழைப்பு வந்ததாம். இரண்டு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறார். "மரத்த யார் வெட்டுவான்னு கேட்டாரு தொர. அவ்ளோதான்." அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

1962க்குப் பிறகு பென்ஃபிக்கா ஐரோப்பியக் கிண்ணம் எதையும் வெல்லவில்லை. இறுதியாட்டங்களில் எட்டு முறை தோற்றுவிட்டது. இரண்டு கிண்ணங்களையும் வாங்கித் தந்த பயிற்றுநர் பேலா குட்மன் சம்பள உயர்வு கேட்க, நிர்வாகம் மறுக்க, நூறு ஆண்டுக்கு இனி உங்களுக்கு ஐரோப்பாவில் வெற்றி இல்லை என்று சொல்லிவிட்டுப் போனதாகக் கதை. 1990 இறுதியாட்டத்துக்கு முன் யூசெபியோவே வியன்னாவில் குட்மன் கல்லறைக்குப் போய் வேண்டிக்கொண்டார். அதிலும் மிலானிடம் 0-1. எனக்கு இந்தச் சாபத்தில் நம்பிக்கை கிடையாது. தொழிற்சங்கத்தில் இருபது வருடம் இருந்த அப்பாவுக்கோ வேறு கணக்கு. "கேட்ட சம்பளத்தக் கொடுத்திருக்கணும்."

2014 ஜனவரி 5ஆம் தேதி யூசெபியோ இறந்தார். அடுத்த வாரம் போர்த்தோவுக்கு எதிரான ஆட்டத்தில் பென்ஃபிக்கா ஆட்டக்காரர்கள் எல்லாருடைய முதுகிலும் அவர் பெயர். கைப்பேசியில் படத்தைக் காட்டினேன். அப்பா விரலால் ஒவ்வொருவராகத் தொட்டு எண்ணினார்.

அந்தப் பருவத்தில் உள்நாட்டுக் கிண்ணங்கள் மூன்றையுமே வென்றார்கள். யூரோப்பா லீக்கில் மறுபடியும் இறுதியாட்டம், செவியாவுடன், துரினில். முட்டி வலியால் அப்பா கடைக்கு வரவில்லை. நான் வீடு திரும்பியபோது மணி ஐந்தரை. பெரட்டுக்கு எழுந்த பழக்கம், வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"பெனால்டியா?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"சரி, உள்ள வா. பசியாறலாம்."