பொம்மையும் இடுப்பெலும்பும்

மூர் மார்க்கெட் 1985 மே மாதக் கடைசியில் எரிந்தது. அதற்கு முன் சென்னையில் எம்.டி. ஓ.ஜி. (மகப்பேறு மருத்துவம்) படித்தவர்களின் அலமாரியைத் திறந்தால் பாதிப் புத்தகங்கள் அங்கிருந்து வந்தவையாகத்தான் இருக்கும். புதிது வாங்க எங்கள் உதவித்தொகை இடம் கொடுக்காது. சென்ட்ரலை ஒட்டிய அந்தச் சிவப்புக் கட்டடத்தின் கடைகளில் ஜெஃப்கோட் இருக்கும், ஷா இருக்கும், மன்ரோ கெர் அட்டை கிழிந்து கிடக்கும். கடைக்காரர் அவற்றில் ஒரு வரிகூடப் படித்திருக்கமாட்டார். ஆனால் எந்தப் பதிப்பு எந்த வருஷத்தது என்பது மனப்பாடம். "இது பழசும்மா, பரிச்சைக்கு ஆவாது" என்று அவரே எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்.

அங்கே நான் வாங்கிய இயன் டொனால்டின் பிரசவச் சிக்கல்கள் பற்றிய புத்தகத்தில், எனக்கு முன்னால் படித்த யாரோ பக்கத்துக்குப் பக்கம் பென்சிலால் எழுதியிருந்தார். பெயர் இல்லை. பொடிப் பொடியாகச் சாய்ந்த கையெழுத்து. இரட்டைக் குழந்தைகளில் இரண்டாவது குறுக்கே கிடந்தால் என்ன செய்வது என்ற பகுதியின் ஓரத்தில், தன் யூனிட்டில் அன்று ராத்திரி என்ன செய்தார்கள் என்று தமிழில் நான்கு வரி. முகம் தெரியாத அந்த மனிதரிடம் நான் நிறையப் படித்தேன். இயன் டொனால்டு என்ற பெயரை இப்போதைய பிள்ளைகள் அல்ட்ராசவுண்டுக்காக அறிவார்கள். கிளாஸ்கோவில் அவர் 1958இல் லான்செட்டில் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் வயிற்றுக்குள் ஒலியால் பார்க்கும் வழி மகப்பேறு மருத்துவத்துக்குத் திறந்தது. எங்களுக்கோ அவர் நடுராத்திரியில் கைகொடுக்கிற மனிதர். ஸ்கேன் அப்போது எழுதிக் கேட்டுக் காத்திருக்க வேண்டிய பொருள்.

இன்னொரு புத்தகம் முதலியார்–மேனன். 1938இல் வந்த 'கிளினிக்கல் அப்ஸ்டெட்ரிக்ஸ்'. ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியாரை ஊர் 27 வருஷம் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தவராக நினைவு வைத்திருக்கிறது. நாங்கள் படித்த எழும்பூர் ஆஸ்பத்திரியில் அவர் எங்கள் கட்டடத்து மனிதர். இந்தத் தாழ்வாரத்தில் நடந்தவர், இந்த வார்டில் நின்று வயிற்றில் கைவைத்துப் பார்த்தவர். 1844இல் பிரசவ ஆஸ்பத்திரியாகத் தொடங்கிய இடம். முத்துலட்சுமி ரெட்டி 1912இல் பட்டம் வாங்கியபின் ஹவுஸ் சர்ஜனாக வேலை பார்த்ததும் இங்கேதான். எங்கள் சீஃப் ரவுண்ட்ஸ் நடுவே இதையெல்லாம் சொல்வார். வரலாறு சொல்கிற குரலில் சொல்லமாட்டார், வீட்டுப் பெரியவர்களைப் பற்றிப் பேசுகிற மாதிரி சொல்வார். "அவங்க நின்ன இடத்துல நிக்கிறோம், கேஸ் ஷீட்டை ஒழுங்கா எழுதுங்க" என்று முடிப்பார்.

சேர்ந்த முதல் வாரம் சீஃப் எங்களை வரிசையாக நிற்கவைத்து ஒரு ஸ்கேலைக் கொடுத்தார். நடுவிரல் நுனியிலிருந்து கட்டைவிரல் கவட்டை வரை அளந்து மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னார். இடுப்பெலும்பின் உள்ளளவை அந்த விரலால்தான் எடுக்க வேண்டும். முன்பக்க எலும்பின் கீழ்விளிம்பிலிருந்து பின்னால் முதுகெலும்பின் மேடு வரை சுமார் 12 செ.மீ. அதில் ஒன்றரையோ இரண்டோ கழித்தால் குழந்தையின் தலை நுழைய வேண்டிய வாசலின் அளவு. விரல் அந்த மேட்டைத் தொடாவிட்டால் நல்லது, இடம் இருக்கிறது என்று அர்த்தம். எட்டாமல் போவதில் சந்தோஷப்படக் கற்றுக்கொண்ட படிப்பு அது. சின்ன விரல்காரியான என் தோழிக்கு அதில் ஒரே கவலை. அவளுக்கு யாருடைய இடுப்பும் விசாலமாகவே தெரியும்.

கையோடு காதும் வேண்டும். பினார்டு என்று ஒரு குழல், மரத்திலோ அலுமினியத்திலோ இருக்கும். வயிற்றில் வைத்து, கையை எடுத்துவிட்டுக் காதால் மட்டும் அழுத்திக் கேட்க வேண்டும். வார்டில் மின்விசிறி கடகடக்கும், பக்கத்துக் கட்டிலில் ஒருத்தி வலியில் கத்துவாள், வாசலில் ஸ்ட்ரெச்சர் உருளும். அத்தனைக்கும் நடுவே அந்தச் சின்ன இதயத்தைத் தேடிப் பிடித்து எண்ணுவோம். நிமிஷத்துக்கு 120க்கும் 160க்கும் நடுவில் இருந்தால் நமக்கும் மூச்சு வரும். குனிந்திருக்கும்போது அந்தப் பெண் நம் தலைமுடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள், சில பேர் காதோர முடியை ஒதுக்கிவிடுவார்கள். மானிட்டர் வந்தபின் அந்த நெருக்கம் போய்விட்டது. மானிட்டர் தப்பென்று நான் சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் குனிதலை நான் இன்றுவரை தேடுகிறேன்.

கேஸ் ஷீட்டில் கடைசித் தீட்டு நாளை எழுதுவது தனிப் படிப்பு. தேதி சொல்கிறவர்கள் குறைவு. "தை அமாவாசைக்கு ரெண்டு நாள் முந்தி", "மாமியார் ஊர்த் தேருக்கு மறுநாள்", "ஆடிப்பெருக்கு அன்னிக்குத்தாம்மா குளிச்சேன்". எங்கள் ஒவ்வொருவர் கோட்டுப் பையிலும் பாக்கெட் பஞ்சாங்கம் இருக்கும். ஆடிப் பதினெட்டு ஆகஸ்ட் 3 என்றால், ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டி, பேறுகாலம் மே 10. தேரின் தேதி தெரியாவிட்டால் வெளியே உட்கார்ந்திருக்கும் மாமியாரைத்தான் போய்க் கேட்க வேண்டும். அவர்கள் சொல்வது ஸ்கேனுக்குச் சமமாக இருக்கும்.

ராத்திரி டியூட்டியில் எங்களுக்குத் துணை ஒரு ஆயாம்மா. அவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லேபர் வார்டு வாசலில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளேயிருந்து வருகிற முனகல் மாறியதும் திரும்பிப் பார்க்காமலே "டாக்டரம்மா, மூணாவது கட்டில் முக்க ஆரம்பிச்சிருச்சு" என்பார்கள். போய்ப் பார்த்தால் தலை தெரியும். சைட் ரூமில் நான் ஸ்பிரிட் விளக்கில் சிறுநீரைக் கொதிக்கவைத்து அசிட்டிக் ஆசிட் சொட்டு விட்டு அல்புமின் பார்ப்பேன். டியூபில் மேலே வெள்ளையாகத் திரண்டால் வயிறு கலங்கும். அன்று ராத்திரி தூக்கம் இல்லை.

ஏனென்றால் அடுத்தது எக்லாம்ப்சியா அறை, கர்ப்பகால வலிப்பு கண்டவர்களுக்கு. ஜன்னலெல்லாம் இருட்டடித்து, கதவை மெல்லச் சாத்தி, செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டிய அறை. "ஜன்னி கண்டுருச்சும்மா" என்று ராத்திரி வண்டியில் கொண்டுவந்து போடுவார்கள். நாக்கைக் கடித்து வாயெல்லாம் ரத்தம், முகம் வீங்கி அடையாளம் தெரியாது, கூட வந்த புருஷனுக்கு இருபது வயதுதான் இருக்கும். லார்காக்டில், ஃபெனர்கன், பெத்திடின் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் லிட்டிக் காக்டெயில்தான் எங்கள் மருந்து. எழும்பூரின் எம்.கே.கிருஷ்ண மேனன் 1961இல் எழுதிய கட்டுரையால் உலகம் முழுக்கத் தெரிந்த முறை. அந்தப் புத்தகத்தின் மேனனும் இவர்தான் என்பதால் எங்களுக்குப் பெருமை அதிகம். மக்னீசியம் சல்ஃபேட்டைப் பற்றிப் புத்தகத்தில் படித்தோம், பரீட்சைக்கு எழுதினோம். ஏறக்குறைய 1,700 பெண்களை வைத்துப் பல நாடுகளில் நடந்த ஆய்வு 1995இல் வந்தது. இந்தியப் பெண்களும் அதில் உண்டு. திரும்பத் திரும்ப வரும் வலிப்பை மற்ற மருந்துகளைவிட மக்னீசியமே நன்றாகத் தடுக்கிறது என்று அது நிறுவியபின் கேள்விக்கே இடமில்லை. முழங்காலைத் தட்டிப் பார், மூச்சை எண்ணு, சிறுநீரை அளந்து பார் என்று இன்று ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ்கூட அதை அறிவார். இருட்டறை போனதற்காக எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. விடிய விடிய அங்கே உட்கார்ந்திருந்த தோழிகளை மட்டும் நினைத்துக்கொள்கிறேன். ஒருத்தி நாடியைப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொருத்தி டார்ச் வெளிச்சத்தை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு முதலியார்–மேனன் படிப்பாள். மறுநாள் அவளுக்கு செமினார்.

எங்கள் சீஃப் பிரீச் பிரசவம் நடத்துவதைப் பார்க்கப் பக்கத்து யூனிட்டிலிருந்தும் வந்து நிற்பார்கள். பார்க்க ஒன்றுமே இருக்காது என்பதுதான் அதன் சிறப்பு. குழந்தை இடுப்பைக் காட்டிக்கொண்டு இறங்கும்போது அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். என்னையும் கட்டிக்கொள்ளச் சொல்வார். "தொப்புள் வரைக்கும் அவ வேலை, உன் வேலை இல்ல." பதறுகிற கை தானாக முன்னே போகும். "கைய எடும்மா" என்பார், குரலை உயர்த்தமாட்டார். இழுத்தால் குழந்தையின் கைகள் மேலே போய்விடும், தலை நிமிர்ந்துவிடும். தானாக வந்தால் குனிந்தே வரும். போன கைகளை இறக்க லோவ்செட் என்று உடம்பைத் திருப்பும் முறை ஒன்று உண்டு. பிறகு குழந்தையைத் தன் கனத்திலேயே தொங்கவிட வேண்டும். பின்கழுத்தில் முடிக்கோடு தெரிகிறவரை. அந்த நேரம் எவ்வளவு என்று கடிகாரம் சொல்வதும் நெஞ்சு சொல்வதும் வேறு வேறு. முடி தெரிந்ததும் கணுக்கால்களைப் பிடித்து வளைவாக அம்மாவின் வயிற்றை நோக்கித் தூக்குவார். வாய் வெளியே வரும், துடைப்பார், குழந்தை வீரிடும். "முக்குனது அவ, பொறந்தது அது, நான் துண்டு புடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டே கையுறையைக் கழற்றுவார். பொறுத்திருக்கும் தைரியத்தை நான் வேறு யாரிடமும் இப்படிப் படித்ததில்லை.

2000இல் வந்த டெர்ம் பிரீச் ஆய்வுக்குப் பிறகு நிலைமை மாறியது. 26 நாடுகளில் 2,000க்கும் மேற்பட்ட பெண்கள். திட்டமிட்ட சிசேரியனே குழந்தைக்குப் பாதுகாப்பு என்று அது சொன்னதும் பிரீச் என்றால் தியேட்டர் என்றாகிவிட்டது. அந்த ஆய்வைப் பற்றிப் பிறகு எத்தனையோ விவாதங்கள் நடந்தன. ஆனால் அதற்குள் ஒரு தலைமுறையின் கை பழக்கம் விட்டுப்போனது. முடிவு சரியா தவறா என்பதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அறுவைக்கு நேரமே இல்லாமல் வாசலில் வந்து நிற்கும் பிரீச் இன்றும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு முன்னால் நிற்கிற இளம் டாக்டர் கையைக் கட்டிக்கொள்வதை யாரிடம் பார்த்திருப்பாள்?

பரீட்சை என்று வந்தால் எழுத்துத் தாள்கள் நினைவிலேயே நிற்கவில்லை. நிற்பது வைவா மேசை. கருவிகளைப் பரப்பி வைத்திருப்பார்கள். கல்கத்தா கேதார்நாத் தாஸ் நம் பெண்களின் இடுப்புக்கும் நம் குழந்தைகளின் தலைக்கும் ஏற்பச் சிறிதாக்கிய ஃபோர்செப்ஸ் ஒன்று, ரிக்லி ஒன்று, கீலாண்டு ஒன்று. ஓரமாக பெர்ஃபரேட்டர். உள்ளேயே இறந்து அடைபட்டுப்போன குழந்தையின் தலையைத் துளைக்கும் கருவி. அதை எடுத்துப் பெயர் சொல்லும்போது குரல் இறங்கிவிடும், பரீட்சகர்களும் சீக்கிரம் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். அடுத்த மேசையில் பொம்மையும் இடுப்பெலும்பும். தோலில் தைத்த குழந்தை, நிஜ எலும்பு. "ஆக்ஸிபுட் பின்னால் இருக்கு, தலையை இறக்கிக் காட்டு." தலை குனிந்தால் 9.5 செ.மீ. விட்டத்தில் வரும், நெற்றி முன்னால் வந்தால் 13.5க்கு மேல், வழியே கிடையாது. இந்த எண்களைச் சொல்லிக்கொண்டே கையால் திருப்ப வேண்டும். வாய் ஒன்று சொல்லி கை ஒன்று செய்தால் போயிற்று.

எனக்கு லாங் கேஸாக வந்தவள் 32 வார கர்ப்பிணி. மிட்ரல் வால்வு சுருக்கம், சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல். நான் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஒன்றும் கேட்காமல் விழித்தபோது அவள் மெதுவாக, "இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்துக்கட்டுமாம்மா, அப்பத்தான் கேக்கும்னு எல்லாரும் சொல்வாங்க" என்று சொல்லித் திரும்பிப் படுத்தாள். கேட்டது. வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர், "பிரசவம் ஆனதும் மெதர்ஜின் போடுவாயா?" என்றார். மாட்டேன் என்றேன். ஏன் என்றார். கருப்பை ஒரேயடியாக இறுகி ரத்தத்தை இதயத்துக்குத் தள்ளும், அந்தக் குறுகிய வாசல் தாங்காது என்றேன். அவள் எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆங்கிலம் புரியாவிட்டாலும் பேச்சு தன்னைப் பற்றியது என்று தெரியும். பரீட்சை எழுதியவர்கள் எல்லோரும் இப்படிப்பட்ட பெண்களின் பொறுமையால் தேறியவர்கள். எங்கள் பட்டச் சான்றிதழில் அவர்களுக்கு ஒரு வரி இருந்திருக்க வேண்டும்.

சில தோழிகள் எம்.ஆர்.சி.ஓ.ஜி.க்காக இங்கிலாந்து போனார்கள். அதற்கு அப்போது தாங்கள் பார்த்த கேஸ்களைப் புத்தகமாக எழுதி அனுப்ப வேண்டும். ஒருத்தி எழும்பூர் ராத்திரிகளையெல்லாம் டைப்ரைட்டரில் அடித்து அனுப்பினாள். அவள் கடிதங்களில் அங்கத்து மழை, அங்கத்து மிட்வைஃப்களின் திறமை, ஊர்க் காபிக்கு ஏக்கம்.

இப்போது என் தங்கை மகள் நீட் பி.ஜி.க்குப் படிக்கிறாள். 200 கேள்வி, 800 மதிப்பெண், எல்லாம் திரையில். அவள் அறிவைப் பார்த்து எனக்கு நிஜமாகவே பிரமிப்பு. என் காலத்தில் பேராசிரியர்களுக்கே தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனாலும் இடம் கிடைத்துச் சேர்ந்தபின் அவள் விரலை அளக்கச் சொல்ல ஆள் இருக்குமா என்று நினைப்பேன். ஓய்வுபெற்றபின் நான் ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக் கூடத்தில் சில பி.ஜி. பிள்ளைகளைக் கூட்டிவைத்துப் பழக்குகிறேன். எலும்பு பிளாஸ்டிக், பொம்மை நானே தைத்தது. போன வாரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதை மட்டும் செய்தோம். ஒரு பெண், "மேடம், எதுவும் செய்யாம நிக்கிறதுக்கு எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். தொப்புள் தெரிகிறவரை என்றேன். வரும் ஞாயிறு லோவ்செட். பொம்மையின் இடது தோள் தையல் விட்டிருக்கிறது, சனிக்கிழமைக்குள் தைத்துவிட வேண்டும்.