பழகிய வலி

நம் வயிற்றின் போக்கை நாம் நன்கறிவோம் என்றே எண்ணியிருந்தோம். பெருங்குடலின் உட்சுவரில் புண் தோன்றி, ஆறி, மீண்டும் தலைகாட்டும் ‘அல்சரேட்டிவ் கோலைட்டிஸ்’ என்னும் நோயோடு பதினோராண்டுகள் குடித்தனம் நடத்தியவருக்கு அவ்வெண்ணம் வருவது இயல்புதானே!

2021 மே மாதத் தொடக்கம். ரமலானின் கடைசிப் பத்து. கொரோனாவின் இரண்டாம் அலையில் ஆவடித் தெருக்கள் அடங்கிக் கிடந்தன. மருத்துவர் தடுத்திருந்தமையால் நாம் நோன்பு நோற்கவில்லை. ஒரு நாள் விடியலில் வயிற்றுப்போக்குத் தொடங்கிற்று. அஸருக்குள் எட்டு முறை. காய்ச்சலில்லை, இருமலில்லை. பழைய நோய்தான் கிளம்பிவிட்டதென்று நாமே தீர்ப்பெழுதி, முன்பு எஞ்சிய பிரெட்னிசொலோன் மாத்திரைகளை எடுத்தும் வைத்துவிட்டோம்.

மாலையில் மனைவியார் நோன்புக் கஞ்சி இறக்கினார். பூண்டும் இஞ்சியும் வெந்தயமும் கலந்த அதன் மணம் அடுத்த வீட்டுக்கும் சேதி சொல்லும். நமக்கோ அது வெறும் ஆவியாக இருந்தது. அத்தர்க் குப்பியைத் திறந்து முகர்ந்தோம், அதிலும் ஒன்றுமில்லை. உள்ளம் துணுக்குற்றது.

தொலைபேசியில் மருத்துவரின் முதற்கேள்வி, “மாத்திரையை விழுங்கிவிட்டீர்களா, பாய்?” என்பதே. அடுத்து, இரத்தம் போகிறதா என்றார். இல்லை, வெறும் நீர்தான். பிறகு விளக்கினார்: அக்கிருமி உடலுக்குள் நுழையப் பற்றும் ஏசிஇ-2 என்னும் புரதம் நுரையீரலில் மட்டுமன்றிச் சிறுகுடலின் உட்சுவரிலும் நிறைய உண்டு, ஆகவே சிலருக்கு இருமலுக்கு முன்பே வயிறு போகும். குடல் அழற்சியைக் காட்டும் கால்புரொடெக்டின் அளவு தொற்றிலும் உயரக்கூடுமாதலால், மலப் பரிசோதனை ஒன்றை மட்டும் நம்பவும் இயலாது. முதலில் மூக்கு, தொண்டைப் பரிசோதனை!

ஸ்டீராய்டை ஏன் தடுத்தார்? குடல் அழற்சியுள்ள கொரோனா நோயாளிகளைப் பற்றிப் பல நாடுகளிலிருந்து 2020-இல் திரட்டிய பதிவேட்டில், அதை உண்டுகொண்டிருந்தவர்களுக்கே நோய் கடுமையாக இருந்ததாம். ஆக்ஸிஜன் தேவைப்பட்டோருக்கு அதே இனத்து மருந்து உயிர் காத்ததும் உண்மையே. காலமும் அளவும் அறிந்து கொடுப்பது வேறு, அலமாரியிலிருந்து எடுத்து விழுங்குவது வேறு. ஏற்கெனவே உண்டு வருவோர் தாமாக நிறுத்திவிடுவதும் ஆபத்தே என்றார். நமது வழக்கமான மெசலமின் மட்டும் தொடர்ந்தது.

மூன்றாம் நாள் முடிவு வந்தது: கொரோனாதான். உப்பும் சர்க்கரையும் கலந்த ஓ.ஆர்.எஸ். நீரும், விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டருமாய்த் தனியறையில் கிடந்தோம். ஆறாம் நாள் வயிறு அடங்கியது. மே 14, பெருநாளன்று, பேரப்பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே நின்று ஸலாம் சொன்னார்கள்.

அந்த மாத்திரைகளை மனைவியார் எங்கோ எடுத்துப் போட்டுவிட்டார். நாமும் கேட்கவில்லை.