அகப்பையின் அளவு

யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் முற்றம். மூன்று வயதுப் பாலகன் வாயை இறுக மூடி முகத்தைத் திருப்புகிறான். “இந்த ஒரு வாய் மட்டும், ராசா” எனத் தாய் கெஞ்சுகிறாள். நிலவைக் காட்டியும் கைபேசியைக் காட்டியும் அவன் வாய் திறக்கும் கணத்திற் கவளத்தை ஊட்டிவிடுகிறாள். கிண்ணம் வெறுமையான பின்னரே அவள் மனம் நிறைகிறது. கிண்ணத்தின் அளவை வகுத்தது பிள்ளையின் பசியன்று, தாயின் அச்சமே.

அவ்வச்சத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1970களின் முற்பகுதியில் அரிசித் தட்டுப்பாட்டைக் கண்டவள் அம்மம்மா. 1990களிற் பொருளாதாரத் தடைக்குள் வளர்ந்தவள் தாய். 2022ஆம் ஆண்டின் நெருக்கடி பழைய நினைவுகளை மீண்டும் கிளறிவிட்டது. பசியை அறிந்த தலைமுறைகள் கொழுத்த கன்னத்தை நல்வாழ்வின் சான்றாகக் கொண்டதில் வியப்பில்லை. போதிய உணவின்றி மெலியும் பிள்ளைகள் இந்நாட்டில் இன்றும் உளர். ஆயின், உணவுள்ள இல்லத்திலும் பஞ்சகாலத்து அகப்பையே பரிமாறுகிறது என்பதுதான் சிந்திக்கத்தக்கது.

போதுமென்னும் எல்லையைச் சிறு குழந்தை பெரும்பாலும் தானே அறியும். பார்பரா றோல்ஸ், லியன் பேர்ச் முதலியோர் 2000ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வொன்று இதற்குச் சான்று. பெரிய பங்கு வைக்கப்பட்டபோதும் மூன்று வயதினர் உண்ட அளவு கூடவில்லை. ஐந்து வயதினரோ கூடுதலாக உண்டனர். இடைப்பட்ட ஈராண்டுக்குள் பிள்ளை வயிற்றைக் கேட்பதை விடுத்துக் கோப்பையைப் பார்க்கப் பழகிவிடுகிறது. அப்பழக்கத்தில் இல்லத்தின் வற்புறுத்தலுக்கும் பங்கிருத்தல் கூடும்.

ஆண்டுகள் பத்துக் கழிகின்றன. உடலெடைக்குப் பரம்பரையும் விளையாட்டின்மையும் காரணங்களேயாயினும், வகுப்பில் ‘குண்டன்’ என்னும் பெயரைச் சுமப்பவன் அப்பிள்ளையே. அன்று கெஞ்சி ஊட்டிய தாய் இன்று, “காணும், எழும்பு” என்று கோப்பையை எடுத்துவிடுகிறாள். அவள் அறியாமல் அம்மம்மா குசினியில் மேலும் ஒரு பிடி உருட்டிக் கொடுக்கிறாள். ஒருத்தி கூட்டுகிறாள், ஒருத்தி குறைக்கிறாள். பசிக்கிறதா என்று அவனை எவரும் கேட்டதில்லை. தன் வயிற்றின் குரலை மறந்தவன் எதைக் கேட்டு நிறுத்துவான்?

‘மருந்து’ என்னும் அதிகாரத்தில் அளவறிந்து உண்ணுதலை வலியுறுத்திய வள்ளுவர், அவ்வளவை அறியும் பொறுப்பை உண்பவனிடமே விட்டார். எதைச் சமைப்பது, எப்பொழுது பரிமாறுவது என்பன பெற்றோரின் கடன். எவ்வளவு உண்பது என்பதில் பிள்ளைக்கும் ஒரு சொல் உண்டு. கவளத்தை நீட்டுவது அன்பு. பிள்ளை முகத்தைத் திருப்பும்போது கையைத் தாழ்த்துவதும் அன்பே.